கடல்கடந்த பாசறைகள் – 6: எதிரி கட்டிய சுவர்களுக்குள்

1935 மார்ச் 16 அன்று ஹிட்லர் அரசு கட்டாய ராணுவ சேவையை மீண்டும் கொண்டுவந்தது. ஜெர்மன் தரைப்படையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் எல்லை வகுத்திருந்தது. அந்த எல்லையைத் தூக்கி எறிந்துவிட்டு 36 டிவிஷன்கள், சுமார் ஐந்தரை லட்சம் வீரர்கள் என்ற புதிய இலக்கு அறிவிக்கப்பட்டது. அத்தனை பேருக்கும் தங்க இடம் வேண்டும். அடுத்த நான்கு ஆண்டுகளில் நகரங்களின் விளிம்புகளிலும் சிற்றூர்களின் மேட்டு நிலங்களிலும் நூற்றுக்கணக்கான பாசறைகள் எழுந்தன. ஜெர்மானியர் அவற்றைக் கசெர்னெ என்பார்கள். கட்டியவர்களுக்கு அவற்றில் குடியிருக்கக் கிடைத்தது பத்தாண்டுக்கும் குறைவான காலம். 1945க்குப் பிறகு அதே கட்டடங்களில் அமெரிக்கப் படை நாற்பது, ஐம்பது, சில இடங்களில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தது. வெளிநாட்டு மண்ணில் அமெரிக்கத் தரைப்படை அமைதிக் காலத்தில் நடத்திய குடியிருப்புகளில் ஜெர்மனியில் இருந்தவையே மிகப் பெரியவை. அவற்றில் பெரும்பகுதி எதிரி கட்டிக் கொடுத்தவை.

இந்தக் கசெர்னெக்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. நடுவே அணிவகுப்பு மைதானம். அதைச் சுற்றி இரண்டு மூன்று மாடிகள் கொண்ட நீண்ட கட்டடங்கள். தடித்த சுவர்கள், ஓடு வேய்ந்த செங்குத்தான கூரை, கூரைக்கடியில் பொருள் வைக்கும் பரண், கீழே நிலவறை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கட்டடம்; அதற்குள் ஒரு சிறு குழு சேர்ந்து தங்கும் அளவில் தனித்தனி அறைகள். பின்புறம் குதிரை லாயங்களும் வண்டிக் கொட்டகைகளும். வாயிலில் கல்லில் செதுக்கிய கழுகு. சில தலைமுறைகள் நிலைத்து நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டவை இவை.

அதே காலத்தில் அமெரிக்காவுக்குள் சாதாரண வீரன் எங்கே தூங்கினான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1940ல் கட்டாய ஆள்சேர்ப்பு தொடங்கியபோது அமெரிக்கத் தரைப்படை அவசர அவசரமாகப் பலகை வீடுகளைக் கட்டியது. ‘700 வரிசை’ எனப்பட்ட அந்த இரண்டு மாடி மரக் கட்டடங்களில் ஒன்றில் 63 பேர் தங்கலாம். தடுப்பே இல்லாத நீண்ட கூடம், இருபுறமும் இரும்புக் கட்டில்கள், ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கழிப்பிடம். தற்காலிகம் என்று முத்திரை குத்தப்பட்ட கட்டடங்கள் அவை. அங்கே பயிற்சி முடித்து, பிரான்ஸின் சேற்றிலும் பனியிலும் மாதக்கணக்கில் படுத்துறங்கி ஜெர்மனிக்குள் நுழைந்தவர்களுக்கு, கொதிகலன் வைத்துச் சூடேற்றிய கசெர்னெ பெரிய வசதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நகரங்கள் குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்தன. ஊருக்கு வெளியே இருந்த பாசறைகளில் பல அதிகச் சேதமின்றித் தப்பியிருந்தன.

ஜெர்மன் மண்ணில் அமெரிக்கப் படை தங்கியது இது முதல்முறையும் அன்று. முதல் உலகப்போர் முடிந்ததும் ரைன் நதிக்கரையில் கோப்ளென்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை இருந்தது. ஜெனரல் ஹென்றி ஆலன் தலைமையிலான அந்தப் படையின் வீரர்கள் பலர் ஜெர்மன் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். 1923 ஜனவரியில் எரென்பிரைட்ஸ்டைன் கோட்டையின் உச்சியிலிருந்து அமெரிக்கக் கொடி இறக்கப்பட்டது. அந்த நான்காண்டு அனுபவத்தைக் கர்னல் இர்வின் ஹன்ட் ஓர் அறிக்கையாக எழுதினார். பிடித்த நாட்டை நிர்வகிக்கும் பயிற்சி ராணுவத்திடம் இல்லவே இல்லை என்பதே அதில் அவர் சொன்ன குறை. இருபதாண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போரின் நடுவே, ராணுவ நிர்வாகத்துக்கு ஆட்களைத் தயார் செய்தபோது அந்த அறிக்கைதான் அதிகாரிகளின் மேசைக்கு வந்தது.

1945 மே மாதம் ஜெர்மனியில் இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 16 லட்சம் பேர். இத்தனை பேரைத் தாங்க எந்தக் கசெர்னெவும் போதாது. பள்ளிகள், விடுதிகள், தனியார் வீடுகள் எல்லாம் கைப்பற்றப்பட்டன. வீட்டுக்காரருக்குச் சில மணி நேர அவகாசம் கிடைக்கும். மேசை நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுக் கையில் எடுக்க முடிந்ததோடு வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் கூரை தேடி அலைந்த நகரத்து மக்களிடையே இது ஆறாத கசப்பை உண்டாக்கியது.

பாசறைகளுக்கு வேறு உரிமையாளர்களும் காத்திருந்தார்கள். அடிமை உழைப்புக்காக இழுத்துவரப்பட்ட போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், பால்டிக் நாட்டினர், வதைமுகாம்களில் உயிர்தப்பிய யூதர்கள் என லட்சக்கணக்கானோர் திரும்பிப் போக வீடின்றி நின்றார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களாக முதலில் ஒதுக்கப்பட்டவற்றில் கசெர்னெக்கள் பல. பவேரியாவின் லான்ட்ஸ்பெர்க் நகரப் பாசறை, யூத அகதிகளின் பெரிய முகாம்களில் ஒன்றாக மாறியது. அங்கே பள்ளிகள் நடந்தன, செய்தித்தாள் அச்சானது, திருமணங்கள் நடந்தன. விடுதலையான பிறகும் இம்மக்களை முள்வேலிக்குள் வைத்திருப்பதை 1945 ஆகஸ்டில் அதிபர் ட்ரூமன் அனுப்பிய ஏர்ல் ஹாரிசன் தமது அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் நிலைமை ஓரளவு சீரானது. அமெரிக்கப் பாசறைகளின் வரலாறு என்று எழுதப்படுபவற்றில் இந்த முதல் குடியிருப்பாளர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். அது சரியன்று.

வீரர்கள் வேகமாக ஊர் திரும்பினார்கள். இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. எஞ்சிய படையின் வேலை போர் செய்வதன்று, காவல் காப்பது. அதற்காக 1946 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கான்ஸ்டபுலரி என்ற தனிப்படை, மேஜர் ஜெனரல் எர்னஸ்ட் ஹார்மன் தலைமையில் இயங்கியது. சுமார் 30,000 பேர். மஞ்சள் கழுத்துத்துணி, தலைக்கவசத்தைச் சுற்றி மஞ்சள் பட்டை. பவேரியாவிலும் ஹெஸ்ஸனிலும் வடக்கு வூர்ட்டெம்பெர்க்-பாடனிலும் சாலைகளில் ரோந்து சுற்றுவதும், கள்ளச்சந்தையை முடக்குவதும், எல்லையைப் பார்ப்பதும் அவர்கள் பணி. எந்தக் கசெர்னெவில் எந்தப் படைப்பிரிவு என்ற வரைபடம் உறுதிப்பட்டதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

அடுத்துப் பெயர்கள் மாறின. போரில் இறந்த அமெரிக்கர்களின் பெயர்களைப் பாசறைகளுக்குச் சூட்டுவது வழக்கமாயிற்று. இதில் ஒரு தெளிவான நோக்கம் இருந்தது: ஹிட்லரின் படையணிகளையும் பழைய பிரஷ்யப் போர்களையும் நினைவூட்டிய வாயிற்பலகைகளில், அவர்களை எதிர்த்து விழுந்தவனின் பெயர் ஏறியது. நியூரெம்பெர்க்கில் நாஜிக் கட்சி மாநாட்டுத் திடலுக்கு அருகே, அக்கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். படைக்காகக் கட்டிய பெரும் மாளிகை போன்ற பாசறை ‘மெரல் பேரக்ஸ்’ ஆனது. நியூயார்க்கைச் சேர்ந்த சாதாரணப் படைவீரர் ஜோசப் மெரல், 1945 ஏப்ரல் 18 அன்று நியூரெம்பெர்க்குக்கு அருகிலுள்ள லோ என்ற சிற்றூரில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தனியாளாகத் தாக்கி உயிர்விட்டவர். போர் முடிய மூன்று வாரமே இருந்தது. ஃபிரீட்பெர்க் நகரப் பாசறைக்கு லெப்டினன்ட் பெர்னார்ட் ரே பெயர் வந்தது. 1944 நவம்பரில் ஹூர்ட்கன் காட்டில் முள்வேலி ஒன்று அவருடைய படையைத் தடுத்து நிறுத்தியது. வெடிகுழாயோடு தம் உடலிலும் வெடிபொருளைச் சுற்றிக்கொண்டு அதை உடைத்தவர் அவர். இருவருக்கும் அமெரிக்காவின் உயரிய வீரவிருதான மெடல் ஆஃப் ஆனர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

பெர்லினில் பெயர்மாற்றம் இன்னும் ஆழமானது. லிஷ்டர்ஃபெல்டே பகுதியில் 1878 முதல் பிரஷ்யாவின் தலைமை இளநிலை ராணுவப் பள்ளி இயங்கிய வளாகம், 1933ல் ஹிட்லரின் மெய்க்காவல் எஸ்.எஸ். படையின் கைக்குப் போனது. 1934 ஜூன் 30ல் தொடங்கிய களையெடுப்பில் ஹிட்லரின் சொந்தக் கட்சி எதிராளிகள் பலர் அந்த வளாகச் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டார்கள். 1945க்குப் பின் அந்த இடத்துக்கு, 1943 மே மாதம் ஐஸ்லாந்தில் விமான விபத்தில் இறந்த ஜெனரல் ஃபிராங்க் ஆன்ட்ரூஸ் பெயர் சூட்டப்பட்டது. அதே பகுதியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் தொழிற்சாலை, நார்மண்டியில் சொந்த விமானங்களின் குண்டுக்கே பலியான ஜெனரல் லெஸ்லி மெக்நேர் பெயரில் பாசறையாக மாறியது.

தலைமையகங்களும் இரவல் வீடுகளில்தான் அமர்ந்தன. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹான்ஸ் பொயல்ட்சிக் வடிவமைத்த ஐ.ஜி. ஃபார்பன் அலுவலகம் போரில் தப்பியிருந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் அருகே கைதிகளின் உழைப்பில் தொழிற்சாலை நடத்திய ரசாயன நிறுவனத்தின் கட்டடம் அது. தளபதி ஐசன்ஹோவர் அங்கே அலுவலகம் வைத்தார். 1948 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மானிய மாநில முதல்வர்களை அழைத்துப் புதிய அரசமைப்பு வரையச் சொல்லும் ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டதும் அந்தக் கட்டடத்தில்தான். ஹைடல்பெர்க்கில் 1937ல் கட்டிய கிராஸ்டொய்ச்லாந்து கசெர்னெ, 1945 மார்ச்சில் ரைன் நதியருகே உயிரிழந்த ஸ்டாஃப் சார்ஜன்ட் சார்லஸ் கேம்பலின் நினைவாகக் கேம்பல் பேரக்ஸ் ஆயிற்று. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தரைப்படை முழுவதற்கும் அது பல பத்தாண்டுகள் தலைமையிடமாக இருந்தது. அதே ஹைடல்பெர்க்கின் ராணுவ மருத்துவமனையில்தான், கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த ஜெனரல் பேட்டன் 1945 டிசம்பர் 21 அன்று இறந்தார்.

1946 ஏப்ரல் இறுதியில் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்தில் முதல் குடும்பக் கப்பல் வந்து நின்றது. மனைவிகளும் குழந்தைகளும் இறங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் குழந்தைகளுக்கான பள்ளிகள் திறந்தன. குடும்பம் வந்ததும் பாசறை ஊராக மாறத் தொடங்கியது. பி.எக்ஸ். எனப்பட்ட ராணுவக் கடை, மளிகைக்குக் கமிசரி, தேவாலயம், திரையரங்கு, பந்துருட்டும் கூடம் எல்லாம் வேலிக்குள் வந்தன. 1950களில் கசெர்னெக்களுக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. ஹைடல்பெர்க்கில் மார்க் ட்வைன் வில்லேஜ், பேட்ரிக் ஹென்றி வில்லேஜ். மன்ஹைமில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வில்லேஜ். அமெரிக்கர் தாமாகக் கட்டுவித்த பகுதி இதுதான்: குடும்பத்துக்கு வீடு. தனியாள் வீரன் மட்டும் தொடர்ந்து, ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவமான வேர்மாக்ட் கட்டிய அறையிலேயே தூங்கினான்.

ஒரு நிலையில் இவை எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்றைக்காவது முடியத்தானே வேண்டும்? 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் கணக்கு மாறியது. செப்டம்பரில் அதிபர் ட்ரூமன் ஐரோப்பாவுக்குக் கூடுதல் படை அனுப்பப்போவதாக அறிவித்தார். செனட்டில் மாதக்கணக்கில் விவாதம் நடந்தபின் 1951ல் நான்கு டிவிஷன்கள் வந்து சேர்ந்தன. நவம்பர் 1950ல் அமெரிக்க ஏழாம் ராணுவம் மீண்டும் உயிர்பெற்றது. தோற்றவரைக் காவல் காத்த படை, தோற்றவரோடு சேர்ந்து கிழக்கை நோக்கி நிற்கும் படையாயிற்று. கட்டடங்கள் மாறவில்லை; அவற்றின் வேலை மாறியது.

இந்த மாற்றம் ஒரு புவியியல் சிக்கலைக் காட்டிக் கொடுத்தது. வென்ற நாடுகள் பங்கிட்டுக்கொண்ட ஜெர்மனியில் அமெரிக்க மண்டலம் தெற்கே. அதன் துறைமுகமான பிரெமர்ஹாஃபன் வடக்கே. இரண்டையும் இணைத்த ரயில்பாதை கிழக்கு ஜெர்மன் எல்லைக்கு இணையாக ஓடியது. போர் வந்தால் முதல் நாளிலேயே அறுந்துவிடும். எனவே 1950 முதல் பிரான்ஸின் அட்லான்டிக் துறைமுகங்களிலிருந்து கிழக்கு நோக்கிப் புதிய வழங்கல் பாதை போடப்பட்டது. வழியெங்கும் கிடங்குகள், மருத்துவமனைகள். ரைனுக்கு மேற்கே, பிரெஞ்சு மண்டலமாக இருந்த பலாட்டினேட் பகுதியில் கைசர்ஸ்லாட்டர்னைச் சுற்றிப் புதிய தளங்கள் வேகமாகக் கட்டப்பட்டன. 1966 மார்ச்சில் அதிபர் டிகோல் பிரான்ஸிலுள்ள அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்றார். 1967 ஏப்ரல் 1 கெடு. மூட்டை கட்டிய அமெரிக்கரின் ஐரோப்பியக் கூட்டுத் தலைமையகம், ஸ்டுட்கார்ட்டில் 1930களின் மற்றொரு கசெர்னெவான பேட்ச் பேரக்ஸுக்குள் புகுந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பனிப்போர்க் காலப் பாசறையில் நாளை ஆண்டது அபாயச் சங்கு. ‘லாரியட் அட்வான்ஸ்’ என்ற குறிச்சொல் தொலைபேசியில் வந்ததும், நள்ளிரவோ விடியற்காலையோ, படைப்பிரிவு முழுதும் டாங்கிகளையும் லாரிகளையும் கிளப்பி வாயிலுக்கு வெளியே ஒன்றுசேரும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சியா உண்மையா என்று புறப்படும்போது யாருக்கும் தெரியாது. ஊரின் கல் பாவிய தெருக்களில் சங்கிலிச் சக்கரங்களின் சத்தத்தில் ஜெர்மானியக் குடும்பங்களும் விழித்துக்கொள்ளும். ஃபுல்டா நகரின் டவுன்ஸ் பேரக்ஸில் இருந்த பதினோராம் கவசக் குதிரைப்படைக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். சோவியத் டாங்கிகள் ஃபிராங்க்ஃபர்ட்டை நோக்கி வரக்கூடிய ‘ஃபுல்டா இடைவெளி’ அவர்கள் வாசலில் இருந்தது. எல்லைக் கோபுரங்களில் மாறிமாறிக் காவல் இருந்தவர்கள் எதிர்ப்புறக் கோபுரத்துக் காவலரின் முகத்தையே அடையாளம் காணும் தொலைவில் நின்றார்கள்.

1958 அக்டோபரில் ஃபிரீட்பெர்க்கின் ரே பேரக்ஸுக்கு வந்த ஒரு வீரரைப் பற்றி உலகமே எழுதியது. எல்விஸ் பிரெஸ்லி 1960 மார்ச் வரை மூன்றாம் கவச டிவிஷனில் பணியாற்றினார். குடும்பம் உடனிருந்ததால் பக்கத்து பாட் நாவ்ஹைமில் வீடு எடுத்துத் தங்கிக்கொண்டார். அந்தச் சலுகை கிடைக்காத பல்லாயிரம் பேரின் வாழ்க்கையைத்தான் வரலாறு கவனிக்க வேண்டும்.

அவர்களில் கறுப்பினத்தவரின் கதை தனி. நாஜி இனவெறியை வீழ்த்தி ஜெர்மனிக்குள் வந்த அமெரிக்கப் படை, தன் வீரர்களையே நிறத்தால் பிரித்து வேறுவேறு பாசறைகளில் வைத்திருந்தது. அந்தப் பிரிவினைக்குள்ளும் சில நல்ல முயற்சிகள் நடந்தன. பவேரியாவின் கிட்சிங்கனில் 1947 முதல் கறுப்பின வீரர்களுக்குப் பள்ளிக் கல்வியோடு சேர்ந்த பயிற்சி நிலையம் இயங்கியது. 1948 ஜூலை 26 அன்று ட்ரூமன் படைகளில் சம வாய்ப்புக்கான ஆணையில் கையெழுத்திட்டார். ஐரோப்பியப் படைத்தலைமை அதை உண்மையாக நடைமுறைப்படுத்தத் தொடங்க 1952 ஆகிவிட்டது. அதன்பின் ஒரே அறையில் கட்டில்கள் அடுத்தடுத்து வந்தன. தென் மாநிலங்களில் தனிக் குழாயில் தண்ணீர் குடித்து வளர்ந்த இளைஞர்களுக்கு, ஜெர்மன் ஊரில் எந்த உணவகத்திலும் உட்காரலாம் என்பதே புதிய காற்று. 1950களின் இறுதியில் கெல்ன்ஹாவுசன் பாசறையில் இளம் லெப்டினன்டாகப் பணியாற்றிய காலின் பவல், பின்னாளில் தம் தன்வரலாற்றில் இதே உணர்வைப் பதிவு செய்திருக்கிறார்.

எல்லா ஊரும் அப்படி இருந்துவிடவில்லை. பாசறை வாசலுக்கு வெளியே மதுக்கடைகள் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்தே கிடந்தன; கறுப்பினக் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று சொன்ன உரிமையாளர்கள் இருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திர நாளான 1970 ஜூலை 4 அன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கறுப்பின வீரர்கள் நீதி கேட்டுப் பெருங்கூட்டம் நடத்தினார்கள். ஜெர்மானிய மாணவர்கள் துணைநின்றார்கள். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. குழு அனுப்பி விசாரித்து, 1971ல் ராணுவ நீதிமுறையின் பாரபட்சங்களைப் பட்டியலிட்ட அறிக்கை வெளியிட்டது. வீரர்களின் அந்தப் போராட்டம் தேவையானது. தாமதமாகவேனும் படைத்தலைமையை அசைத்தது அதுதான்.

வியட்நாம் போர் ஜெர்மனிப் பாசறைகளை உள்ளிருந்து அரித்தது. அனுபவமுள்ள சார்ஜன்ட்களும் அதிகாரிகளும் அங்கே இழுக்கப்பட்டார்கள். பணமும் அங்கேயே போனது. முப்பதாண்டுப் பழைய கொதிகலன்கள் நின்றுபோயின, குழாய்கள் ஒழுகின, சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. அறைகளில் போதைப்பொருள் புழங்கியது. இரவில் தனியே நடமாட அதிகாரிகளே தயங்கிய பாசறைகள் இருந்தன. இதோடு டாலரும் சரிந்தது. 1961 வரை ஒரு டாலருக்கு 4.20 மார்க் கிடைத்தது. 1970களின் இறுதியில் இரண்டு மார்க்குக்கும் கீழே போனது. ஒருகாலத்தில் சிகரெட்டும் சாக்லேட்டும் கொடுத்து ஊரையே விலைபேச முடிந்த ஜி.ஐ. எனப்பட்ட அமெரிக்க வீரன், இப்போது ஊருக்குள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு யோசித்தான். வேலிக்கு வெளியே வாடகை வீடெடுத்த இளம் குடும்பங்கள் தவித்தன.

பழுதுபார்க்கப் பணம் தந்தது ஜெர்மனி. அமெரிக்கப் படையின் அந்நியச் செலாவணிச் செலவை ஈடுகட்ட இரு அரசுகளுக்கும் இடையே போடப்பட்டுவந்த உடன்பாடுகளில், 1971 உடன்பாடு பாசறைகளைப் புதுப்பிக்க 60 கோடி மார்க் ஒதுக்கியது. நிலமும் கட்டடமும் ஜெர்மன் கூட்டாட்சி அரசின் சொத்து. அமெரிக்கர் வாடகையின்றிப் பயன்படுத்துவோர். 1973ல் அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்ததும் விரும்பி வருபவனை ஈர்க்க வேண்டிய நிலை வந்தது. பலர் சேர்ந்து தங்கிய அறைகள் தடுக்கப்பட்டு இருவர் மூவர் தங்கும் அறைகளாயின.

வாயில்கள் இறுகியதும் இதே காலம். வியட்நாம் போரைக் காரணம் காட்டிச் செம்படைப் பிரிவு என்ற ஜெர்மன் தீவிரவாதக் குழு 1972 மே 11 அன்று ஃபிராங்க்ஃபர்ட் ஐ.ஜி. ஃபார்பன் கட்டடத்தில் குண்டு வைத்தது. ஓர் அதிகாரி இறந்தார். மே 24 அன்று ஹைடல்பெர்க் கேம்பல் பேரக்ஸில் கார்குண்டுகள் வெடித்து மூன்று வீரர்கள் மாண்டார்கள். 1981 செப்டம்பரில் அதே நகரில் ஐரோப்பிய அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஃபிரெடரிக் குரோசன் சென்ற காரின்மீது டாங்கி எதிர்ப்பு ஏவுகுண்டு வீசப்பட்டது. அவர் சிறு காயத்தோடு தப்பினார். எந்த அரசியல் காரணமும் இந்தக் கொலைகளை நியாயப்படுத்தாது. எண்பதுகளில் பெர்ஷிங்-2 அணு ஏவுகணைகள் வந்தபோது எழுந்த எதிர்ப்பு வேறு வகை. 1983 செப்டம்பரில் முட்லாங்கன் தளத்தின் வாயிலில் நோபல் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொய்ல் உள்ளிட்டோர் தரையில் அமர்ந்து மறித்தார்கள். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987 டிசம்பரில் செய்த ஒப்பந்தம் அந்த ஏவுகணைகளை அகற்றியது.

பெர்லின் சுவர் விழுந்து ஓராண்டில், 1990 நவம்பரில், ஸ்டுட்கார்ட்டின் ஏழாம் கோர் படைக்குச் சவூதி அரேபியா போகும் உத்தரவு வந்தது. நாற்பதாண்டு காலம் ஃபுல்டாவையும் பவேரியக் காடுகளையும் நினைத்துப் பயிற்சி எடுத்த டாங்கிகள், இராக்கின் பாலைவனத்தில் தங்கள் ஒரே பெரும்போரைச் செய்தன. வென்று திரும்பியவர்களைக் கசெர்னெவில் வரவேற்றது மூடல் அறிவிப்பு. ஏழாம் கோர் 1992ல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு மூன்றாம் கவச டிவிஷனும் கொடியைச் சுருட்டியது. பெர்லின் படைப்பிரிவு 1994ல் விடைபெற்றது. தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேலாக இருந்த எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கியது. அமெரிக்கரை நம்பிக் கடை வைத்தவர்கள், பாசறையில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஜெர்மன் ஊழியர்கள், இருநாட்டுக் குடும்பங்கள் எல்லோரையும் இது தாக்கியது.

சுவர்கள் மறுபடியும் கை மாறின. பெர்லின் ஆன்ட்ரூஸ் பேரக்ஸில் இன்று ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாஜிக் கட்சியின் கோப்புகள் எஸ்.எஸ். அணிவகுத்த அதே வளாகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஐ.ஜி. ஃபார்பன் கட்டடத்துக்குள் 2001ல் கோத்தே பல்கலைக்கழகம் குடியேறியது. நியூரெம்பெர்க்கின் மெரல் பேரக்ஸிலிருந்து அமெரிக்கர் 1992ல் வெளியேற, 1996ல் ஜெர்மன் அரசின் அகதிகள் அலுவலகம் அங்கே வந்தது. 1980களிலிருந்து ஜெர்மனியில் புகலிடம் கேட்ட ஈழத்தமிழர்களின் மனுக்களை ஆராய்ந்து முடிவு செய்துவந்தது இந்த அலுவலகமே. எஸ்.எஸ். படைக்காக எழுப்பிய கட்டடம் அகதியின் வழக்கைக் கேட்கும் இடமானது, இந்த நெடுங்கதையில் மிக நியாயமான மாற்றம் என்று சொல்லலாம்.

இரண்டாம் அலை 2004 ஆகஸ்டில் அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த படைக்குறைப்போடு வந்தது. ஃபிரீட்பெர்க், ஹனாவ், வூர்ட்ஸ்பர்க், மன்ஹைம், பாம்பெர்க், ஷ்வைன்ஃபர்ட் என்று ஊர் ஊராக மூடல் நடந்தது. ஹைடல்பெர்க் 2013ல் காலியானது. தலைமையகம் வீஸ்பாடனுக்குப் போய், பெர்லின் முற்றுகையின்போது விமானப் பாலத்தை நடத்திய ஜெனரல் லூசியஸ் கிளேயின் பெயர் கொண்ட பாசறையில் அமர்ந்தது. காலியான இடங்களுக்கு 2015 அகதி அலையில் உடனடி வேலை கிடைத்தது: பேட்ரிக் ஹென்றி வில்லேஜும் பாம்பெர்க்கின் வார்னர் பேரக்ஸும் புகலிடம் தேடி வந்தவர்களுக்கான மையங்களாயின. மன்ஹைமின் ஃபிராங்க்ளின் வில்லேஜ் புதிய குடியிருப்புப் பகுதியாக வளர்ந்துவருகிறது. அங்குள்ள ஸ்பினெல்லி பேரக்ஸ் நிலத்தில் 2023ல் ஜெர்மனியின் தேசிய மலர்க் கண்காட்சி நடந்தது.

எஞ்சிய தளங்களில் முக்கியமானது கிராஃபன்வோயர். பவேரிய அரசு தன் பீரங்கிகளுக்காக உருவாக்கிய பயிற்சித் திடல் அது; முதல் குண்டு 1910 ஜூன் 30 அன்று சுடப்பட்டது. வேர்மாக்டும் அதன்பின் அமெரிக்கரும் அதையே விரிவாக்கிப் பயன்படுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் உக்ரேனிய வீரர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். ஜெர்மனியில் இப்போதுள்ள அமெரிக்க வீரர்கள் தரைப்படை, விமானப்படை சேர்த்துச் சுமார் 35,000 பேர். பாசறைகளின் கோடு மட்டும் கிழக்கே நகர்ந்துவிட்டது. 2023 மார்ச்சில் போலந்தின் போஸ்னான் நகரில் அந்நாட்டின் முதல் நிரந்தர அமெரிக்கத் தரைப்படை நிர்வாகத் தளம் திறக்கப்பட்டது. அது இயங்கும் முகாமுக்கு, அமெரிக்க விடுதலைப் போரில் போரிட்டு வெஸ்ட் பாயின்ட் கோட்டையின் அரண்களை வடிவமைத்த போலந்துப் பொறியாளர் ததேயுஷ் கோஷ்சியூஷ்கோவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

(தொடரும்)